கூடக் கேட்டவர்

ஆம்புலன்ஸ் வேன் அந்தத் தெருவுக்குள் திரும்பியபோது காலை பதினோரு மணி இருக்கும். உத்திரமேரூர் ஏரிக்கரையை ஒட்டிய தெரு. பத்துப் பன்னிரண்டு வீடுகள், அதற்கப்பால் வயல். உள்ளே மல்லாந்து படுத்திருந்த அகிலாவுக்குத் தென்னங்கீற்றும் கரண்ட் கம்பியும் மட்டும்தான் தெரிந்தன.

தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்ப்பவள் அவள். மூன்று வாரத்துக்கு முன் மானாம்பதி ரோட்டில், தார்மேல் காயப்போட்டிருந்த நெல்லில் ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பில் இரண்டு இடத்தில் விரிசல். இன்னும் ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது, உட்காரக் கூடாது, புரண்டுகூடப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர்களுடைய சொந்த வீடு பஜாரில் ஒரு கடைக்கு மேலே மாடியில். அந்தக் குறுகல் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அதனால் அவள் கணவன் ஆனந்தன் இந்தத் தரைவீட்டை மூன்று மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்தான்.

வீட்டுக்காரர் கோபால் வாசலில் நின்று வழிகாட்டினார். "கட்டில் உள்ளயே கீது சார். ஆஸ்பத்திரி கட்டில் மாதிரி, கைப்பிடியைச் சுத்துனா தலைமாடு ஏறும். முன்ன இருந்தவங்க வுட்டுட்டுப் போனது. உங்களுக்குன்னே இருந்த மாதிரி ஆயிடுச்சி."

அறை சுத்தமாகத்தான் இருந்தது. பாதிச் சுவர்வரை பச்சை டிஸ்டெம்பர். தெருவைப் பார்த்து ஒரே ஒரு ஜன்னல். பினாயில் போட்டுக் கழுவியிருந்தார்கள். ஆனால் பினாயிலுக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. தைல வாசனை. யாரோ ஒருவர் வருஷக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துச் சுவரிலேயே ஊறிப்போன மாதிரி.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆனந்தன் ஒரகடத்துக்குப் போகும் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

"நீ எழுந்து தாழ்ப்பாள் போட முடியாது. தெறந்து வெச்சுட்டுப் போனா நாய் பூந்துடும். வெளியில பூட்டிட்டுப் போறேன். இன்னொரு சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட இருக்கு. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, மூணு மணிக்கு ஒரு தடவை வருவாங்க. சரியா?"

"சரிங்க," என்றாள்.

வெளியே பூட்டு விழுந்தது.

*

அவளைக் காப்பாற்றியது ரேடியோதான்.

செங்கல்பட்டு ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அவள் மகள் ஏலவார்குழலி, உலகத்து ஸ்டேஷன்களெல்லாம் கிடைக்கும் ஒரு ஆப்பை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கரும் வாங்கித் தந்திருந்தாள். காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவள் அகிலா. அந்த வீட்டில் விடிந்ததிலிருந்து ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கர்நாடக சங்கீதம் அவளுக்குக் காதிலேயே ஏறியிருந்தது. ராகத்தின் பெயர் தெரியாவிட்டாலும், பாடகர் எந்த இடத்தில் இறங்கப் போகிறார் என்று நெஞ்சுக்குத் தெரியும்.

ஆப்பரா என்கிற மேல்நாட்டுப் பாட்டு நாடகம் அப்படியில்லை. அது தற்செயலாக விரலில் பட்டது. ஏதோ ஒரு ஐரோப்பிய ஊரின் ஸ்டேஷன், முந்தின இரவு அரங்கத்தில் நடந்ததை நம் பகல் பொழுதில் மறுபடி ஒலிபரப்பும். முதலில் ஒருவர் மெல்லிய குரலில் என்னவோ சொல்வார். பிறகு அரங்கத்தின் சலசலப்பு வரும். நாற்காலிகள் கிறீச்சிடும். வாத்தியங்கள் எல்லாம் ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துச் சேர்ந்துகொள்ளும். நம்மூர் தம்பூரா மீட்டுவதுபோல அந்த ஒரு கணம். அப்புறம் அமைதி. ஆயிரம் பேர் மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அமைதி. பச்சைச் சுவருக்குள் பூட்டப்பட்ட ஒருத்தி அந்த ஆயிரம் பேரோடு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு பெண் பாடுவாள். எதற்காகப் பாடுகிறாள் என்று அகிலாவுக்குத் தெரியாது. மொழி புரியாததே ஒரு சுகமாக இருந்தது. யாரோ அவளைக் கைவிட்டிருக்கிறார்கள், அல்லது அவள் யாரையோ மன்னிக்கிறாள். குரல் மேலே, இன்னும் மேலே, இனி இடமில்லை என்கிற இடத்துக்கும் மேலே போய் அங்கே நிற்கும். அகிலாவின் கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போகும். துடைக்கக்கூடத் தோன்றாது. பாட்டு முடிந்து கைதட்டல் கொட்டும்போது தன் இடுப்பு உடைந்திருப்பதே அவளுக்கு மறந்திருக்கும்.

நான்காம் நாள்தான் அந்த இருமலைக் கவனித்தாள்.

அதில் விசேஷம் ஒன்றுமில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் அரங்கத்தில் பத்துப் பேர் இருமுவார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த இருமல். அவர்களில் ஒருவர், ரொம்பப் பின்னால், மற்றவர்கள் எல்லாம் அடங்கிய பிறகு இருமினார். இரண்டு தடவை. வறண்ட, சளியில்லாத இருமல். 'யாரோ வயசானவர், பாவம்' என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேறு ஸ்டேஷன். வேறு நாடு.

அதே இரண்டு இருமல்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் சென்னை வானொலி வைத்தாள். ஸ்டுடியோவில் பதிவான கச்சேரி. பாடுபவரும் பக்கவாத்தியக்காரர்களும் தவிர அங்கே யாருமில்லை, கேட்க ஒரு ஆள் கிடையாது. ஆலாபனை முடிந்து வயலின் எடுக்கப்போகும் இடைவெளியில் கேட்டது.

இரண்டு.

இப்போது பின்வரிசையிலிருந்து வரவில்லை. நடுவிலிருந்து வந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை ஆனந்தனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்கச் சொன்னாள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தான். சங்கீதம் அவனுக்குச் சரிப்படாது. இருந்தாலும் அவளுக்காகக் கேட்டான். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.

"வலி மாத்திரை கொஞ்சம் தூக்கலா போயிருக்கும் அகிலா," என்று அவள் நெற்றியைத் தடவினான். "நாளைக்கு டாக்டர்கிட்ட கேக்கறேன்."

திங்கட்கிழமை பூட்டு விழுந்ததும், குழலி போனில் சேமித்து வைத்திருந்த பழைய பதிவு ஒன்றைப் போட்டாள். ஏற்கெனவே நாலைந்து முறை கேட்டது. அதில் எங்கே யார் இருமுவார்கள் என்பதுகூட அவளுக்குப் பாடம். இரண்டாவது பாட்டு முடிந்தது.

இருமல் கேட்டது. முன்வரிசையில்.

ரேடியோவை நிறுத்தினாள். அறை சட்டென்று காலியானது. மின்விசிறி சுற்றியது. வெளியே எங்கோ டிராக்டர் போனது. தைல வாசனை, இப்போதுதான் யாரோ பாட்டிலைத் திறந்ததுபோல், குப்பென்று எழுந்தது.

கட்டிலின் கால்மாட்டில் யாரோ இரண்டு தடவை இருமினார்கள்.

அவளால் எழ முடியாது. திரும்ப முடியாது. தலையைத் தூக்கினால் இடுப்பில் கத்தி இறங்கும். கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்த்தாள். போர்வை. அதன் அடியில் தன்னுடைய இரண்டு பாதங்கள். அவ்வளவுதான். விரல் தானாகப் போய் ரேடியோவைப் போட்டது.

பாட்டு தொடங்கியதும் வாசனை மெல்ல அடங்கியது.

பன்னிரண்டு மணிக்குப் பூட்டைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டுப் பாக்கியமேரி வந்தாள். ஐம்பது வயதிருக்கும், களை பறிக்க, நாற்று நட என்று வயல் வேலைக்குப் போகிறவள். சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது அகிலா கேட்டாள்.

"பாக்கியக்கா, இந்தக் கட்டில்ல முன்னால யார் படுத்திருந்தாங்க?"

கை நின்றது. "எதுக்கும்மா அதெல்லாம்?"

"சொல்லுங்க."

பாக்கியமேரி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "சாமுவேல் அய்யான்னு ஒருத்தரு. மிலிட்டரில பேண்டு வாசிச்சவரு. பக்கவாதம் வந்து நாலு வருசம் இதே கட்டில்ல கெடந்தாரு. புள்ள வேலைக்குப் போவ சொல்லோ வெளிய பூட்டிக்கினு பூடுவான். ரேடியோ ஒண்ணுதான் தொணை. வெள்ளக்காரன் பாட்டு, நம்ம பாட்டு, எல்லாம் கேட்டுக்கினே கெடப்பாரு."

"பேசுவாரா?"

"வாய் வராது. இருமுவாரு." அவள் அகிலாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "ரெண்டு வாட்டி இருமுனா ரேடியோ போடுன்னு அர்த்தம்."

அகிலா அதற்கு மேல் சாப்பிடவில்லை.

*

வேறு வீடு பார்ப்போம் என்று அன்று மாலை அழுதாள். ஆனந்தன் மறுக்கவில்லை, பத்து நாள் பொறு, தரைவீடு கிடைப்பது சுலபமில்லை என்றான். அதற்கடுத்த நாட்களில் ரேடியோ நிற்கவே இல்லை. காலையில் அவன் போனதிலிருந்து மாலை திரும்பும்வரை பாடிக்கொண்டே இருந்தது. நிறுத்தாதவரை இருமல் இல்லை, வாசனை இல்லை.

வேறொன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு குரல் உச்சிக்கு ஏறும்போது அவள் மூச்சைப் பிடிப்பாள். பக்கத்தில் இன்னொரு மூச்சும் நிற்கும். சுரம் இறங்கும்போது அதுவும் மெல்ல வெளியே வரும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அது அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. இந்த ஊரிலேயே இந்தப் பாட்டுக்கு அழத் தெரிந்த இன்னொரு ஜீவன் பக்கத்தில் இருக்கிறது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை நினைத்துப் பிறகு ரொம்ப நேரம் பயந்தாள்.

அந்த மாலையிலிருந்து எட்டாம் நாள் புயல் மழை.

ஆனந்தன் போகும்போதே தூறல். ஒன்பது மணிக்கு வானம் சாயங்காலம் மாதிரி இருண்டது. பத்துக்குக் கரண்ட் போயிற்று. மின்விசிறி தள்ளாடி நின்றது. போனில் நாற்பத்தொரு சதவீதம் சார்ஜ் இருந்தது.

பன்னிரண்டுக்குப் பாக்கியமேரி வரவில்லை. கூப்பிட்டாள், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஆனந்தனைக் கூப்பிட்டாள். கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் பாட்டு நின்றது. ஒவ்வொரு முறையும் தைல வாசனை ஒரு சாண் நெருங்கியது. கூப்பிடுவதை விட்டுவிட்டாள்.

சார்ஜ் இருபது சதவீதத்துக்கு இறங்கியது. பன்னிரண்டு. ஓட்டில் மழை அறைந்தது. ஸ்பீக்கரில் ஒரு பெண் ரொம்ப மெதுவாக, கேட்டும் கேட்காததுமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

நான்கு.

இரண்டு.

பாதிப் பாட்டில் போன் அணைந்தது.

அகிலா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "சார்ஜ் இல்லீங்க அய்யா," என்று கிசுகிசுத்தாள். "கரண்ட் வந்ததும் போடறேன். கண்டிப்பா போடறேன்."

பதில் தலையணையில் வந்தது.

இரண்டு இருமல். அவள் காது மடலில் சூடாகப் பட்டது.

கண்ணைத் திறந்தாள். யாருமில்லை. ஆனால் கட்டில் கொஞ்சம் தாழ்ந்தது, பக்கத்தில் ஒருவர் படுக்க இடம் பிடித்ததுபோல. இடது கால் விரல்கள் மரத்தன. மரப்பு முழங்காலுக்கு ஏறியது, இடுப்புக்கு ஏறியது. அத்தனை நாள் வலித்த இடத்தில் வலியே இல்லாமல் போயிற்று. இடது கையைத் தூக்கப் பார்த்தாள். அது யாருடைய கையோ போல் மெத்தையில் கிடந்தது.

வாயைத் திறந்து கத்தினாள்.

சத்தம் வரவில்லை. நாக்கு வாய்க்குள் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழை கொஞ்சம் தணிந்தபோது தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. பாக்கியமேரிதான். வாய்க்கால் மதகு வழிந்து பாதை அடைத்துக்கொண்டதைப் பற்றி யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தாள். பூட்டில் சாவி நுழைந்தது.

அகிலா முழு பலத்தையும் திரட்டி அவளைக் கூப்பிட்டாள்.

தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டாள். வறண்ட இருமல். இரண்டு தடவை.

சாவி நின்றது.

"கர்த்தரே," என்று வெளியே ஒரு முனகல். செருப்புச் சத்தம் பின்னுக்குப் போனது. நான்கடி. பத்தடி. அகிலா மறுபடி கூப்பிட்டாள்; மறுபடி அதே இருமல்தான் வந்தது. செருப்பு வேகமாகப் போய்க் காதுக்கு எட்டாமல் மறைந்தது. இந்தப் பச்சைச் சுவருக்குள் நாலு வருஷம் கிடந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. கண்ணீர் வலது கண்ணில் மட்டும் இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கதவு விலகியது. நனைந்த தலையோடு பாக்கியமேரி நின்றிருந்தாள். அவள் பேசியது அகிலாவிடம் இல்லை.

"அய்யா. அன்னிக்கும் நீ இருமுன. ரேடியோ பேட்டரி கட்டை தீந்து பூட்ச்சின்னு எனக்குத் தெரியும். காலீலேர்ந்து இருமிக்கினே இருந்த. இந்த ஜன்னலாண்ட நின்னு கேட்டேன். சாவி எங்கிட்ட இல்ல, வேலைக்கு நேரமாச்சின்னு கெளம்பிப் பூட்டேன். சாயங்காலம் வந்து பாக்கறதுக்குள்ள நீ செத்துப் பூட்ட." மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "இன்னிக்கி சாவி எங்கையில கீது. வரேன்."

கதவு திறந்தது. அவள் உள்ளே வந்து, வழக்கமாக உட்காரும் ஸ்டூலை இழுத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். ரேடியோ இல்லை, கரண்ட் இல்லை. வேறு வழி தெரியாமல் பாட ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும் பாட்டு. கரகரத்த, சுருதி நிற்காத குரல்; மேலே போக வேண்டிய இடத்தில் உடைந்தது. உடைந்த இடத்திலிருந்து மறுபடி எடுத்தாள். ஒன்று முடிந்ததும் இன்னொன்று. மழை ஓசையும் அவள் குரலும் தவிர அந்த வீட்டில் வேறெதுவும் அசையவில்லை.

ஏழாவது பாட்டோ எட்டாவது பாட்டோ, அகிலாவின் இடுப்பில் வலி திரும்பி வந்தது. அந்த வலி வந்ததற்காக அவள் அழுதாள்.

"அக்கா," என்றாள். வாய் குழறியது. ஆனாலும் அது அவளுடைய குரல்.

"நிறுத்தட்டுமாம்மா?"

"நிறுத்தாதீங்க."

ஆனந்தன் வந்து சேரும்வரை பாக்கியமேரி பாடிக்கொண்டிருந்தாள்.

*

அன்றே வேன் வைத்துக் காஞ்சிபுரத்தில் அகிலாவின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு தறிகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக் கட்டில் போட்டுக் கொடுத்தார்கள். டாக்டர்கள் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கவாதத்துக்கான அடையாளமே இல்லை, பயத்தில் வந்திருக்கும் என்றார்கள். ஆனந்தன் அதை நம்பினான். நம்பாமல் அவனுக்கும் வேறு வழியில்லை.

பங்குனியில் அகிலா கைத்தடியோடு நடக்கத் தொடங்கி, தன் மாடி வீட்டுக்கே திரும்பினாள். ரேடியோ பக்கம் போகவேயில்லை. ஆனால் மனம் கேட்கவில்லை. ஒரு நாள் பகலில், கதவு ஜன்னல் எல்லாம் விரியத் திறந்து வைத்துக்கொண்டு, பழையபடி ஒரு ஆப்பரா முழுவதும் கேட்டாள். அரங்கத்தில் எல்லோரும் இருமினார்கள், அந்த இருமல் மட்டும் இல்லை. அன்று ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு புது எண்ணிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் தினேஷ்குமார். ஏரிக்கரையில நீங்க இருந்த வூட்டுக்கு இப்ப நாங்க வந்துகீறோம். கோபால் சார்தான் நம்பர் குடுத்தாரு. உங்க ரேடியோவை எங்க வெச்சிட்டுப் போனீங்க?"

"எதுவும் வெக்கலையே தம்பி."

"இல்லக்கா, பாடிக்கினு கீது. இங்கிலீஷ் பாட்டு மாதிரி, ஒரு பொம்பள பாடுறா. பரண்ல பாத்துட்டேன், அலமாரில பாத்துட்டேன், கெடைக்கல. தொந்தரவுன்னு சொல்ல வரல. என் சம்சாரத்துக்கு ஏழாம் மாசம், டாக்டர் பெட் ரெஸ்ட் சொல்லிக்கீறாரு. பகல்ல தனியாதான் படுத்திருக்கா. அவளுக்கு அது புடிச்சிருக்கு. ஆஃப் பண்ண வுட மாட்டேங்குறா."

"அவங்ககிட்ட போனைக் குடுங்க. நான் பேசறேன்."

"பேச மாட்டாக்கா. ஒரு வாரமா பேச்சே கொறஞ்சி போச்சி. இருங்க, பாட்டை வேணா கேளுங்க."

போனை அவன் நீட்டிப் பிடித்தான் போலிருக்கிறது. தூரத்தில் அந்தக் குரல் ஏறியது. இனி இடமில்லை என்கிற இடத்துக்கு ஏறி, அங்கே நின்று, மெல்ல இறங்கி அடங்கியது. அமைதி.

பிறகு ஒருவர் கைதட்டினார். இரண்டு கை சேரும் ஓசை அல்ல அது. ஒற்றைக் கை, மெத்தையின் மேலோ தொடையின் மேலோ, நிதானமாக, திருப்தியாகத் தட்டிக்கொண்டிருந்தது.

"தம்பி, கதவைத் திறந்து வைங்க. அவங்களை வெளியில தூக்கிட்டு வாங்க. நான் இப்பவே வரேன்," என்றாள். கைத்தடியை எடுத்துக்கொண்டு படிக்கட்டில் முதல் படியை இறங்கினாள். கைப்பிடிச் சுவரைப் பிடிக்கக் கை வேண்டியிருந்ததால் அழைப்பைத் துண்டித்துப் போனை இடுப்பில் செருகினாள்.

தட்டல் நிற்கவில்லை.